பாட்டில் எதை இழந்தால் இழப்பு?

சென்ற முறை கூழ்வடகம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட கதையை எழுதியிருந்தேன். இந்த முறை காது சம்பந்தப்பட்ட கதை. காது என்றதும் கம்மல், ஜிமிக்கி என்று ஆசையோடு வந்துவிடாதீர்கள். இது காதுக்குள்ளே போகிற சமாச்சாரம்.

எங்கள் வீட்டில் பெரியவன் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். சின்னவள் பிளஸ் ஒன். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பெரியவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். யாரும் சொல்லாமலே ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ பெரிய செலவு வரப்போகிறது என்று.

"அம்மா, நாம போன்ல கேக்கிற பாட்டுல முக்கால்வாசி காணாமப் போயிருக்கு, தெரியுமா?" என்றான்.

"காணாமப் போனதை யாரு தேடினா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. சாதாரண எம்.பி.3 பாட்டில் சத்தத்தைப் பிய்த்து எறிந்து சின்னதாக்கி விடுகிறார்களாம். 'லாஸ்லெஸ்' என்று ஒன்று இருக்கிறதாம், அதில் ஒரு துளிகூட விடாமல் அப்படியே இருக்குமாம். அதைக் கேட்க ஒயர் வைத்த நல்ல ஹெட்போன் ஒன்று, போனுக்கும் அதற்கும் நடுவில் மாட்ட 'டாக்' என்று தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. இரண்டும் சேர்ந்து ரூ.20,000. "தாத்தா குடுத்த பணம் பாதி இருக்கும்மா. மீதிய உன் சீட்டுப் பணத்துல..." என்று இழுத்தான்.

இவரிடம் கேட்டதற்கு, "உங்கம்மாகிட்ட கேளு" என்று சொல்லிவிட்டாராம். இவர் எப்போதும் அப்படித்தான். நல்ல பெயர் அவருக்கு, 'முடியாது' என்ற வார்த்தை எனக்கு.

நான் உடனே முடியாது என்று சொல்லவில்லை. கத்தரிக்காய் வாங்கினாலே நாலு தடவை திருப்பிப் பார்க்கிறவள் நான். ரூ.20,000 சமாச்சாரத்தைப் பார்க்காமல் விடுவேனா? "முதல்ல அது என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றேன். அவன் அரை மணி நேரம் சொன்னான். எனக்குப் புரிந்த விதத்தில் உங்களுக்குச் சொல்கிறேன்.

கோலக் கணக்கு

சி.டி. என்பது 1982-ல் கடைக்கு வந்தது. அதில் பாட்டை எண்களாகப் பதிந்து வைக்கிறார்கள். ஒரு விநாடிக்கு 44,100 தடவை சத்தத்தை அளந்து எழுதுகிறார்கள். அதுவும் இடது காதுக்குத் தனி, வலது காதுக்குத் தனி. இப்படி எழுதினால் 5 நிமிஷப் பாட்டு ஒன்று சுமார் 53 எம்.பி. இடம் பிடிக்கும்.

இதைச் சுருக்க இரண்டு வழி உண்டு.

முதல் வழி நமக்குத் தெரிந்ததுதான். மார்கழி மாசம் பத்திரிகையில் கோலம் போட்டால், கீழே "15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை" என்று ஒரு வரி இருக்கும். எண்ணிப் பார்த்தால் மொத்தம் 169 புள்ளி. ஒவ்வொரு புள்ளியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வாசலில் 169 புள்ளியையும் பிசகாமல் வைத்துவிடுகிறோம். எழுதியது சின்னது, எதுவும் தொலையவில்லை. லாஸ்லெஸ் என்பது இந்த ஜாதி. இதில் பிரபலமானது 'ஃப்ளாக்'. 2001-ல் ஜோஷ் கோல்சன் என்பவர் வெளியிட்டது, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் உபயோகிக்கலாம். அந்த 53 எம்.பி. பாட்டு இதில் சுமார் 30 எம்.பி. ஆகும். திரும்ப விரித்தால் சி.டி.யில் இருந்தது ஒரு எண் மாறாமல் வந்துவிடும்.

இரண்டாவது வழி எம்.பி.3. இது காதின் பலவீனத்தைத் தெரிந்துகொண்டு செய்த வேலை. மிக்ஸி ஓடும்போது ஹாலில் இருந்து கூப்பிட்டால் நம் காதில் விழுகிறதா? பெரிய சத்தம் பக்கத்தில் இருக்கிற சின்னச் சத்தத்தை மூடிவிடும். பாட்டிலும் அப்படித்தான். தவில் ஓங்கி விழுகிற அந்த நேரத்தில் அதன் அடியில் முனகுகிற எத்தனையோ சத்தம் காதுக்கு எட்டாது. எப்படியும் கேட்காததை எதற்குச் சுமக்க வேண்டும் என்று அதைக் கழித்துவிடுகிறார்கள்.

எவ்வளவு கழிப்பது என்பது நம் இஷ்டம். விநாடிக்கு 320 கிலோபிட் என்று வைத்தால் அதே பாட்டு 12 எம்.பி. வரும். 128 என்றால் 5 எம்.பி.க்குள் அடங்கும். காய் நறுக்குவது போலத்தான். மெல்லிசாகத் தோல் சீவினால் காய்க்குச் சேதமில்லை. அவசரத்தில் சீவினால் சதையும் போய்விடும். போனது போனதுதான். 128-ல் செய்த பாட்டை மறுபடி ஃப்ளாக் ஆக மாற்றினால் ஃபைல் பெருக்குமே தவிர, குப்பைக்குப் போன சத்தம் திரும்பி வராது.

பூவா, தலையா?

"சரி, வித்தியாசம் தெரிகிறதா என்று பார்த்துவிடலாம்" என்றேன். "தெரியாம என்னம்மா, பளிச்சுனு தெரியும்!" என்றான்.

இவர் 2001-ல் வாங்கிய ஒரு சி.டி. அலமாரியில் இருந்தது. தவில், ஜால்ரா, நாகஸ்வரம் எல்லாம் வருகிற பாட்டு ஒன்றை அதிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, பெரியவனே மூன்று விதமாகச் செய்தான். ஒன்று ஃப்ளாக், ஒன்று 320, ஒன்று 128. மூன்றும் ஒரே சத்த அளவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். இது முக்கியம். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் நன்றாக இருப்பது போலத் தோன்றும். நண்பன் வீட்டிலிருந்து ஒயர் ஹெட்போன் ஒன்றும் இரவல் வந்தது.

அவனைச் சுவர் பார்த்து உட்கார வைத்தோம். முதலில் பெயர் சொல்லி இரண்டையும் ஆசை தீரக் கேட்க விட்டோம். பிறகு சின்னவள் ஒவ்வொரு தடவையும் காசைச் சுண்டிப் போட்டாள். பூ விழுந்தால் ஃப்ளாக், தலை விழுந்தால் எம்.பி.3. எது என்று அவன் சொல்ல, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் குறித்துக்கொண்டேன். மொத்தம் 16 தடவை. கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே 8 சரியாக வந்துவிடும். 12-க்கு மேல் வந்தால்தான் உண்மையிலேயே காதுக்குத் தெரிகிறது என்று நம்பலாம்.

ஃப்ளாக்குக்கும் 320-க்கும் நடுவில் பெரியவன் 9 தான் சரியாகச் சொன்னான். சின்னவள் 7. நான் 8. இவரையும் உட்கார வைத்தோம், மூன்றாவது தடவையில் தூங்கிவிட்டார்.

ஃப்ளாக்குக்கும் 128-க்கும் என்று மாற்றியபோது கதை வேறு. பெரியவன் 13, சின்னவள் 12. "ஜால்ரா சத்தம் நசுங்கின மாதிரி, மணல் கொட்டற மாதிரி இருக்கும்மா" என்றாள் சின்னவள். நான் மட்டும் 9. வயசாக ஆக உச்சஸ்தாயிச் சத்தங்கள் முதலில் காதை விட்டுப் போகுமாம். நாற்பதைத் தாண்டிய நமக்கு அதுவும் ஒரு வரவு!

பெரியவன் முகம் வாடிவிட்டது. நாங்கள் வீட்டில் செய்தது விளையாட்டுச் சோதனை. ஆனால் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் இதையே முறையாகச் செய்து 2007-ல் வெளியிட்டிருக்கிறார்கள். சி.டி.யை விட நுணுக்கமான பதிவையும் சி.டி. தரத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டதில், 554 தடவையில் சரியாகச் சொன்னது 276. பாதிக்குப் பாதி, காசு சுண்டிப் போட்ட கணக்குத்தான். நன்றாகப் பழகிய காது, அமைதியான அறை, கடினமான பாட்டு என்று எல்லாம் கூடினால் 320-லும் அங்கங்கே குறை கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் நின்றுகொண்டு கேட்கிற பிள்ளைக்கு அது எதற்கு?

இன்னொரு வேடிக்கை. ஒயர் இல்லாத புளூடூத் ஹெட்போன்தான் இப்போது பெரும்பாலும் எல்லார் காதிலும். போனிலிருந்து காதுக்குப் போகும் வழியில் புளூடூத் பாட்டை மறுபடி சுருக்கித்தான் அனுப்புகிறது. லாஸ்லெஸுக்குக் காசு கட்டிவிட்டு அதை சாதாரண புளூடூத்தில் கேட்பது, நெய் வாங்கிக் கொண்டுவந்து வடிகட்டியில் ஊற்றின மாதிரி. இன்டர்நெட் செலவும் பாருங்கள். ஒரு மணி நேரம் ஃப்ளாக் கேட்டால் சுமார் 400 எம்.பி. ஓடும். 320-ல் 144 எம்.பி. போதும்.

காதில் போனால் திரும்பாது

இந்தச் சோதனை நடந்தபோது நான் ஒன்றைக் கவனித்தேன். பெரியவன் வித்தியாசம் தெரியாத இடங்களில் எல்லாம் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனான். ஹெட்போனை நான் வாங்கி மாட்டினபோது தூக்கிவாரிப் போட்டது. "இவ்வளவு சத்தமா தினமும் கேக்கிறே?" என்றேன். பதில் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு அது 75 டெசிபல். சத்தம் கூடக் கூட நேரம் மளமளவென்று குறையும். 90 டெசிபல் என்றால் வாரம் முழுவதுக்கும் 4 மணி நேரம்தான். காதுக்குள் சத்தத்தை வாங்குகிற மெல்லிய மயிர் போன்ற செல்கள் இருக்கின்றன. அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பாட்டை நிறுத்தின பிறகு காதில் 'ஙொய்' என்று இரைச்சல் கேட்டாலோ, கூப்பிட்டால் "என்ன, என்ன?" என்று திருப்பிக் கேட்டாலோ, காதுக்கு விடுமுறை கொடுக்க வேண்டும். அது தொடர்ந்தால் காது டாக்டரிடம் காட்டிவிடுவதே நல்லது.

சத்தத்தை ஏற்றுவதற்குக் காரணமே பாதி நேரம் வெளி இரைச்சல்தான். காதில் சரியாகப் பொருந்தாத இயர்போனில் அடித்தொண்டைச் சத்தம், தவில் சத்தம் எல்லாம் வெளியே கசிந்துவிடும். பெட்டியிலேயே சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி ரப்பர் முனை கொடுத்திருப்பார்கள். அதைப் போட்டுப் பார்க்காமல் டப்பாவோடு பரணில் போட்டுவிடுகிறோம். சரியான அளவை மாட்டினால் சத்தத்தைக் குறைத்து வைத்தாலே பாட்டு நிறைவாக இருக்கும். முனையை வாரம் ஒரு முறை மெல்லிய துணியால் துடைத்து வையுங்கள். ஒருவர் காதில் வைத்ததை இன்னொருவர் வைக்க வேண்டாம். பல போன்களில் ஹெட்போன் சத்தத்துக்கு எல்லை கட்டும் வசதியும் இருக்கிறது. சின்னப் பிள்ளை கையில் போனைக் கொடுக்கிற தாய்மார்கள் அதை முதலில் தேடி வைத்துவிடுங்கள்.

அம்மாவின் குரல்

இதோடு கட்டுரையை முடித்திருப்பேன். அன்றைக்குச் சின்னவள் மட்டும், "அம்மா, அம்மாச்சி பாட்டை இதுல கேப்போமா?" என்று கேட்காமல் இருந்திருந்தால்.

1992 நவராத்திரியில் எங்கம்மா கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து பாடியதை, எங்கப்பா டூ-இன்-ஒன்னில் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். பக்க வாத்தியம் ஒன்றும் கிடையாது. வெறும் குரல். அம்மா 2011-ல் தவறிப்போனார்கள். 2013-ல் ஒரு கடையில் கேசட்டைக் கொடுத்து ஃபைலாக மாற்றித் தரச் சொன்னேன். போனில் இடம் இல்லை என்று, "எவ்வளவு சின்னதா முடியுமோ அவ்வளவு சின்னதா பண்ணிக் குடுங்க" என்று வாய் கிழியச் சொன்னதும் நான்தான். போனில் பாட்டு வந்துவிட்ட தைரியத்தில், அடுத்த போகிக்குக் கேசட்டை மற்ற பழைய சாமான்களோடு கழித்துவிட்டதும் நான்தான்.

இத்தனை வருஷம் போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டதால் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ஹெட்போனில் கேட்டபோது அம்மா கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல இருந்தது. சொல்லின் விளிம்பெல்லாம் கரைந்துபோயிருந்தது. பெரியவன் பார்த்துவிட்டு, "32 கிலோபிட்ம்மா" என்றான். ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்யப் பார்த்தான். முடியவில்லை. "இரைச்சலை எடுத்தா அம்மாச்சி குரலும் சேர்ந்து போகுதும்மா" என்றான்.

ஜெர்மனியில் எம்.பி.3-ஐ உருவாக்கியவர்களில் முக்கியமானவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி வாத்தியமே இல்லாமல் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டைச் சுருக்கியபோது அவருக்கு அது படு மோசமாகக் கேட்டதாம். அந்தத் தனிக்குரல் சரியாக வரும்வரை முறையைத் திருத்தித் திருத்திப் பார்த்தாராம். பெரியவன் இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தனிக்குரலில் குறையை மறைக்க ஒன்றும் இல்லை. எங்கம்மா பாடியதும் தனிக்குரல்தான்.

மறுநாள் துறையூரில் இருக்கிற என் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் வீட்டுப் பரணில் அம்மா பாடிய வேறொரு கேசட் இருந்தது. எந்த வருஷம் என்று மேலே எழுதவில்லை. அதை மஞ்சள் பையில் சுற்றிக் கையோடு எடுத்து வந்தேன்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம் என்பதால் செய்த விதத்தைச் சொல்கிறேன். முதல் வேலையாகக் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பல்லையும் உடைத்தோம். தப்பித்தவறி ரெக்கார்ட் பொத்தானை அமுக்கினாலும் அழியாது. டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்டோம். கேசட்டை ஒரு தடவை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றினோம். பிறகு டேப் ரெக்கார்டரிலிருந்து ஒயர் மூலம் கம்ப்யூட்டரில் பதிந்தோம். அதற்கு 'ஆடாசிட்டி' என்று இலவசமாகவே ஒன்று கிடைக்கிறது. சத்தம் சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டான். சுருக்காத 'வேவ்' ஃபைலாக ஒரு மணி நேரக் கேசட் சுமார் 635 எம்.பி. வந்தது. அதை ஃப்ளாக் ஆக்கி, கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, தம்பி வீட்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் வைத்தோம். அசலில் கை வைக்காமல், இரைச்சல் நீக்குவது, வெட்டுவது எல்லாம் நகலில்தான். கேசட்டையும் வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்திருக்கிறேன். இனி எந்தப் போகிக்கும் அது வெளியே போகாது.

அந்தப் பதிவில் அம்மா பாட்டுக்கு நடுவில் மூச்சு வாங்குவது கேட்கிறது. தாளம் போடும்போது வளையல் உரசுவது கேட்கிறது. எங்கேயோ ஒரு குழந்தை சிணுங்க, பாட்டை நிறுத்தாமலே அம்மா 'உஸ்' என்கிறார்கள். சிணுங்கினது நானா, தம்பியா என்று எங்கள் இருவருக்கும் இன்னும் சண்டை.

அம்மா பதிவுக்கு மட்டும் ஃப்ளாக், மற்றப் பாட்டுக்கு 320 என்று வீட்டில் முடிவு செய்தோம். கடையில் எப்போதும் கிடைக்கிற பாட்டில் காதுக்கு எட்டாத ஒரு துளி போனால் நமக்கு நஷ்டமில்லை. உங்கள் போனிலும் பாட்டுத் தரம் 'ஆட்டோ' என்று இருந்தால் 'ஹை' என்று மாற்றி வையுங்கள், பாதிக் குறை தீர்ந்துவிடும். ஆனால் உலகத்தில் ஒரே ஒரு பிரதி இருக்கிற குரலைச் சுருக்காதீர்கள். குழந்தையின் முதல் மழலையை, தாத்தா கதை சொல்வதைப் பதியும்போது போனில் ரெக்கார்டர் தரத்தை உயர்ந்ததாக வையுங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தியாகப் பேசி அனுப்பி அதையே பொக்கிஷம் என்று வைக்காதீர்கள், அது நன்றாகச் சுருங்கித்தான் வரும். தனியே பதிந்து, ஃபைலாக அனுப்புங்கள்.

பெரியவன் 'டாக்' வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். ரூ.2,500-க்கு ஒயர் வைத்த இயர்போன் ஒன்று வாங்கிக்கொண்டான். அதை மாட்டும் போதெல்லாம் நான் அடுப்படியிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறேன். முதல் குரலுக்கே "என்னம்மா?" என்று பதில் வந்தால் சத்தம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் கரண்டியோடு போகிறேன்.